வலப்பக்க முன்சக்கரம் குறித்த விசாரணை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. ஆனால் அது ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று கண்டுபிடிக்கக் குழு அமைத்து, பதினோரு முறை கூடி, பதினோரு முறையும் மைசூர்பா சாப்பிட்டுக் கலைந்த பெருமை, கோவை நீலாம்பூர் பைபாஸில் இருக்கும் 'முத்துப்பொங்கி ரோடுவேஸ்' நிறுவனத்தையே சேரும்.

அந்தக் குழுவின் தலைவர் மேனேஜர் மதன்குமார். எம்.பி.ஏ. படித்தவர், முப்பத்தொரு வயது, சாது. டயரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் விருப்பு வெறுப்பில்லாமல் விசாரிப்பார் என்று முதலாளி பொங்கியண்ணன் அவரைத் தேர்ந்தெடுத்தார். முதலாளியின் ஆள் தேர்வு ஒருநாளும் தப்பாது.

விஷயத்தை முதலில் வெளியே கொண்டுவந்தவர் ஓட்டுநர் கரீம் பாய். கோவை கரும்புக்கடைப் பகுதிக்காரர், இருபத்து நான்கு வருட சர்வீஸ். தினமும் பெருந்துறைச் சிப்காட்டுக்குப் பாரம் கொண்டுபோகும் பன்னிரண்டு சக்கர லாரி அவருடையது. ஒருநாள் கழற்றிய டயரை உருட்டிக்கொண்டே மேனேஜர் அறைக்குள் வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், இதப் பாருங்க. உள்பக்கம் ரப்பர் பட்டன் புதுசாட்டம் இருக்குது. வெளிப்பக்கம் மொட்டை. மாட்டி ரெண்டு மாசங்கூட ஆகுலீங்க. மழைல பிரேக்கு புடிச்சா வண்டி இழுக்குது. ஆளக் கொன்னுபோடுமுங்க."

மற்ற இருபத்தோரு லாரிகளிலும் வலப்பக்க முன்சக்கரம் அப்படித்தான் மொட்டையாகிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுநர்கள் விவரமானவர்கள், வாய் திறக்கவில்லை. முதலில் சொன்னவர் கரீம் பாய் என்பதால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவரும் அவரே என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

குழுவில் மதன்குமாரைத் தவிர இருவர். ஒருவர் மனிதவள அதிகாரி பிரவீனா. இன்னொருவர் 'வாஸ்து இன்ஜினியர்' தீபக். டயர் குழுவில் வாஸ்துவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த நிறுவனத்தின் பூர்வ கதை தெரியாது என்று அர்த்தம்.

போன வருஷம் ஆவணி வரைக்கும் லாரி ஷெட்டின் வாசல் நடுவில், நாற்பதடி அகலத்தில், ஊரே வந்து போகலாம் என்பதுபோல் இருந்தது. தீபக் லேசர் கருவியோடு வந்து, லட்சுமி வெளியே போகும் வழி அதுதான் என்று காட்டினார். உடனே அது சுவர் வைத்து அடைக்கப்பட்டு, ஈசான்ய மூலையில் பதினான்கடியில் புது வாசல் திறக்கப்பட்டது. எதிரே டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் அடுத்தவன் காம்பவுண்டு. ஆனால் திறந்த மூன்றாம் மாதமே முதலாளி மகள் நித்யஸ்ரீக்கு ஆஸ்திரேலியா மாப்பிள்ளை அமைந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வாசலைக் கடக்கும்போது முதலாளி செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். லாரிகள் மட்டும்தான் டயரோடு போயின.

குழு விஞ்ஞானபூர்வமாகத் தொடங்கியது. அலைன்மெண்ட் பார்க்கப்பட்டது, நூற்றுக்கு நூறு சரி. காற்று பார்க்கப்பட்டது, சரி. அச்சு பார்க்கப்பட்டது, சரி. இயந்திரத்தில் குற்றமில்லை என்று உறுதியான பிறகு குழு மனிதனிடம் வந்தது.

"தேய்மானம் எதனாலீங்க பாய்?" என்று கேட்டார் மதன்குமார்.

"நான் சொல்லி என்னங்க ஆகுது? காலைல வண்டி கேட்டத் தாண்டறப்ப ஒருக்கா வந்து நின்னு பாருங்க."

'கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

பிரவீனாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "சார், டிரைவர் சீட் வலப்பக்கம். தேயறதும் வலப்பக்கம். பாயப் பாருங்க."

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். இருபத்தைந்து டன் பாரம் ஏற்றும் வண்டியில் இத்தனை நாள் யாருமே கவனிக்காமல் உட்கார்ந்திருந்த பாரம் அங்கே நின்றுகொண்டிருந்தது. உடனே அவர் லாரி எடை மேடையில் ஏற்றப்பட்டார். அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூறு காட்டியது.

"ஒரு மாசத்துல பத்துக் கிலோ இறங்கோணும். இல்லீனா ஸ்டியரிங்க விட்டு இறங்கோணும்," என்றார் முதலாளி, பெருந்தன்மையோடு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சும்மா சொல்லுல பாரு."

கரீம் பாய் ஒரு மாதம் கொள்ளு குடித்தார், கொள்ளு சாப்பிட்டார், கொள்ளைப் பற்றியே பேசினார். அவர் மனைவி இஸ்மத் பிரியாணிச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாத மனிதர் அவர். பிழைப்பு போய்விடுமே என்ற பயத்தில் தண்ணீரைக்கூட அளந்து குடித்தார். மாதக் கடைசியில் மேடை தொண்ணூறு காட்டியது. மதன்குமார் மனசார மகிழ்ந்து கை கொடுத்தார்.

டயர் முன்பைவிட வேகமாகத் தேய்ந்திருந்தது.

பத்தாவது கூட்டத்தில் குழு கனத்த மனதோடு தர்க்கரீதியான முடிவுக்கு வந்தது: எடை குறைந்தும் தேய்மானம் குறையவில்லை, ஆகவே குற்றம் எடையில் இல்லை, ஆளில். இறுதி அறிக்கை மறுநாள் பத்து மணிக்கு.

அன்று சாயங்காலம் கரீம் பாய் மதன்குமாரிடம் வந்து நின்றார். பேண்ட் இடுப்பில் நிற்காததால் ஒரு கையால் பிடித்திருந்தார்.

"சார், இன்னைக்கு வரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லீங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கேட்டுக்கு வாங்க. அதுக்கப்பறம் நீங்க என்ன எழுதுனாலும் சரீங்க."

மதன்குமார் நல்லவர். போனார்.

ஆறு மணிக்கு முதல் லாரி முழுப் பாரத்தோடு வாசலுக்கு வந்தது. டிரான்ஸ்பார்மர் இடிக்கும் என்பதால் ஓட்டுநர் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தார். டயர் நகராமல் தரையிலேயே திருகியது. அது போட்ட சத்தத்தில் மதன்குமாருக்குப் பல் கூசியது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடியும் ஒடி. ஐந்து முறை ஒடித்த பிறகு லாரி ரோட்டுக்குப் போயிற்று. அடுத்த லாரி வந்தது. அதுவும் அதே பக்கம் ஒடித்தது. இருபத்திரண்டு லாரிகளும் போன பிறகு சிமெண்டுத் தரை கருப்பாகிக் கிடந்தது.

கூட்டும் ராசாத்தாள் சீமாறும் சாக்குமாக வந்தாள்.

"என்னங்கம்மா அது?"

"டயருங்க சார். தெனமும் ஒரு படி வருதுங்க. மொளகாப்பொடியாட்டம் நைசா இருக்கும். கேட்டு இங்க வந்ததுல இருந்து கூட்டறனுங்க. வாசல் சுத்தமா இருக்குதுன்னு ஐயா பொங்கலுக்குச் சேலை எடுத்துக் குடுத்தாரு."

பதினோரு மாதமாகக் குழு தேடிக்கொண்டிருந்த பொருள், செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மதன்குமாரின் காலடியில் கிடந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அலுவலகத்துக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகவே வந்தது.

பத்து மணிக்குக் கூட்டம். வெள்ளை டைல்ஸ் பளபளக்கும் ஹால். நடுவில் மைசூர்பா. கதவருகே கரீம் பாய், ஒரு கையில் பேண்ட், ஒரு கையில் லாரிச் சாவி.

"சொல்லு கண்ணு," என்றார் முதலாளி.

மதன்குமார் எழுந்தார். "ஐயா, காலைல நானே கேட்டுக்குப் போயிப் பாத்தனுங்க."

"செரி."

"நம்ம கேட்டு இருக்குது பாருங்க…"

"கேட்டுக்கு என்ன?"

தீபக் கையில் எடுத்த மைசூர்பாவை வாயில் போடாமல் நிறுத்தினார். முதலாளியின் தலைக்குமேல் நித்யஸ்ரீயின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. கரீம் பாய் மதன்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு… ரொம்ப லட்சணமா அமைஞ்சிருக்குதுங்க."

"அப்படிச் சொல்லு!" முதலாளி முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் படிச்சவன் வேணுங்கறது. தீபக், கேட்டுக்கிட்டீங்களா?"

தீபக் மைசூர்பாவை வாயில் போட்டுக்கொண்டார்.

அறிக்கை வாசிக்கப்பட்டது. 'தேய்மானத்துக்குக் காரணம்: ஓட்டுநர் கரீம்.' ஆனால் நிறுவனம் கருணை மிக்கது. அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஸ்டியரிங்கைத்தான் வாங்கிக்கொண்டது. நாளையிலிருந்து அவர் ஈசான்ய வாசலில் நின்று, மற்ற லாரிகளுக்கு "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கை காட்ட வேண்டும்.

கரீம் பாய் கதவருகிலிருந்து நடந்து வந்தார். மேசைமேல் சாவியை வைத்தார். வைத்த கை கொஞ்ச நேரம் சாவியை விடவில்லை. பிறகு, "வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மதன்குமார் குனிந்து கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, வருகிற தையிலிருந்து அவர் 'ஜெனரல் மேனேஜர்' என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

மதன்குமார் மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ராசாத்தாள் வாளியும் துணியுமாக உள்ளே வந்து தரையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள். ஹால் வாசலில் தொடங்கிய கரிய காலடிகள் வெள்ளை டைல்ஸ்மேல் ஒவ்வொன்றாக நடந்து வந்து, அவர் நாற்காலிக்குக் கீழே முடிந்திருந்தன.

"ஏனுங்க சார்," என்றாள் அவள், துணியைப் பிழிந்தபடி. "டயர ஆரு தின்னதுன்னு இத்தன நாளா தேடுனீங்களே. தடம் உங்க நாக்காலிக்கில்ல வந்திருக்குது. தொடைச்சுப்போடட்டுங்களா?"