லென்ஸக்காவின் தங்கச்சி

செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்களை இவ்வளவு பாடுபடுத்திய மனுஷி, இடுக்கி மலையில் லென்ஸக்காவுக்கு முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. நான் கிளார்க்காக இருந்த தேயிலை எஸ்டேட்டில் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச் ஆயா. கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு லென்ஸும் தொங்கும். யார் எதிரே வந்தாலும் செல்போனை நீட்டிவிடுவார்.

"எய்யா, இது என்ன பேருன்னு வாசி பாப்போம்."

செல்போனில் இருந்தது எங்கள் மாதா கோயிலின் பழைய இறப்புப் பதிவேட்டில் ஒரு வரியின் போட்டோ. அக்காவின் அம்மா இறந்து, அடக்கமெல்லாம் முடிந்து, பெயர் பதியப் போன இடத்தில், பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பழைய பக்கங்களைப் புரட்டியிருக்கிறார். அதில் அக்காவின் அப்பா, அம்மா பெயர்கள். அவர்களுடைய மகள் என்று ஒரு குறிப்பு. மூத்த பிள்ளையான அக்காவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது எழுதியது. வயதைக் கரையான் தின்றிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் காலத்துப் பாதர் இங்கிலீஷில் ஒரு கிறுக்கல் கிறுக்கியிருந்தார். மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி.

தனக்கொரு தங்கச்சி இருந்தாள் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

"ஒரு வாரம் முந்திப் பாத்திருந்தா அம்மாட்டயே கேட்டிருப்பேனே தம்பி," என்று என்னிடம் சொன்னார். மறுநாளே லென்ஸ் வாங்கிவிட்டார்.

டாக்டர் எழுத்தையே படிக்கிறவர் என்று மெடிக்கல் ஷாப்காரரிடம் முதலில் போனார். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போய் ஓர் அட்டை மாத்திரையோடு வந்தார். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"அது என் தங்கச்சிய்யா!" என்று அக்கா போட்ட சத்தத்தில், நின்றிருந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். இறங்கினவர்களிடமும் செல்போனை நீட்டினார். கண்டக்டர் 'விண்ணரசி' என்றார். ஸ்கூல் வாத்தியார் 'கன்னியம்மா' என்றார். நான் நன்றாக உற்றுப் பார்த்து 'அன்னம்மா' என்றேன்.

நவம்பரில், இறந்தவர்களின் பெயரைப் பூசையில் வாசிக்கும் கல்லறைத் திருநாள் வந்தது. பூசைக்குப் பெயர் கொடுக்கப் போன அக்கா, மூன்றையும் கொடுத்தார்.

"ஒரு பிள்ளைக்கு மூணு பேரா?" என்றார் பாதர்.

"நீங்க வாசிங்க சாமி. எது சரின்னு ஆண்டவருக்குத் தெரியும்லா? அவரு எடுத்துக்கிடுவாரு."

பாதர் வாசித்தார். கேட்டவர்கள் அக்கா மூன்று தங்கச்சிகளைப் பறிகொடுத்ததாக நினைத்து, அன்று சாயங்காலமே துக்கம் விசாரிக்க அக்காவின் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்கா மறுக்கவில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, செல்போனை நீட்டினார்.

மறு வருஷம் மாதா திருவிழாவுக்கு ஒரு வயதான பாதர் வந்தார். சின்ன வயதில், அந்தக் கிறுக்கல் பாதருக்கு உதவியாக இருந்தவர். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கிழவருக்கு லென்ஸே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் வாசித்துவிட்டார். செல்போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது பேர் இல்லம்மா. 'அன்னேம்டு'ன்னு எழுதியிருக்கார். பேர் வைக்கலன்னு அர்த்தம். பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டா."

எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது. அக்கா லென்ஸை எடுத்து அந்தக் கிறுக்கலை மறுபடியும் பார்த்தார்.

"அதான் அம்மா வாயே தொறக்கல," என்றார் கடைசியில். "என்ன பேரச் சொல்லி அழுவா, பாவம்?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழவரிடமே கேட்டார்: "சாமி, இப்ப வைக்கலாமா?"

"அக்காதான வைக்கிற? வையி."

"அப்ப அன்னம்மாவே இருக்கட்டும். ஒரு வருசமாக் கூப்பிட்டுப் பழகிட்டேன்."

அந்த நவம்பரில் பூசைக்கு ஒரே பெயர்தான் கொடுத்தார். எங்கள் பாதர் எழுதி முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்து, "கொட்டை எழுத்துல எழுதுங்க சாமி, பின்னால வாறவங்க வாசிக்கணும்லா," என்று திருப்பிக் கொடுத்தார். பாதர் மறுபடியும் எழுதினார்.

அடுத்த வருஷமே அக்காவுக்கு வேலை முடிந்தது. எஸ்டேட் வழக்கப்படி லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, முதலமடையில் மாந்தோப்பு வேலைக்குப் போகும் மகளிடம் கிளம்பினார். அவர் பிறந்த வீடும் அந்த லயத்து வீடுதான், குடியிருந்த வீடும் அதுதான். பஸ் ஏறும்போது, "தம்பி, அவ இங்க தனியால்ல கெடப்பா," என்றார்.

நான் கோயில் பக்கமே போகாத ஆள். கல்லறைத் திருநாளுக்கு மட்டும் போகிறேன். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாததால், கல்லறைத் தோட்டத்துச் சரிவின் ஓரமாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, போட்டோ எடுத்து முதலமடைக்கு அனுப்புவேன். உடனே போனில் அக்காவின் குரல் வரும்: "எய்யா, மெழுகுவர்த்தி சாஞ்சிருக்கு பாரு. நிமித்தி வையி."

குனிந்து நிமிர்த்திவிட்டு, காற்று அடங்கும்வரை கையால் மறைத்தபடி நிற்பேன்.