கம்ப்யூட்டருக்கு நான் பார்த்த நல்ல நாள்

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருப்பதில் என்னை மிஞ்ச திண்டிவனத்தில் ஆள் கிடையாது. வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன் நான். தராசு காட்டுவதை எழுதினால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. படிப்பு ஐந்தாவது வரைதான்.

மகள் தேன்மொழி நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பியவளை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நிறுத்தியது நான்தான். (கம்ப்யூட்டர் இருக்கிற வீடு என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை. அப்போது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.)

விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி ஏழுமலை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டதால், ஒவ்வொரு முறை போடும்போதும் அது ஏதோ பழைய தேதிக்குப் போய்விடும். சரியான தேதியை வைப்பது மட்டும் என் வேலை. இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன்.

சான்றிதழெல்லாம் கைக்கு வரக் கடைசி நாள் ஆகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அன்று காலை நாள்காட்டித் தாளைக் கிழித்தால், கரிநாள் என்று போட்டிருந்தது. மண்டியில் கரிநாளன்று புதுத் தராசுகூட மாட்ட மாட்டோம். பெண்ணின் படிப்பைத் தொடங்குவதா? நாளைக்குத் தள்ளவும் வழியில்லை.

யோசித்தேன். தேதி வைக்கிறவனே நான்தானே? நல்ல நாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான், தேன்மொழி பிறந்த நாள். வருஷத்தோடு அதையே வைத்துவிட்டேன். மணியை மட்டும் சரியாக வைத்தேன். (ராகு காலம் பார்க்க வேண்டுமே.)

அதற்கப்புறம் எந்தப் பக்கமும் உருப்படியாகத் திறக்கவில்லை. ஒன்று, பாதுகாப்பு இல்லை என்று இங்கிலீஷில் சொல்லி மூடிக்கொண்டது. இன்னொன்றில் படமில்லை, கட்டமில்லை. எழுத்துகள் மட்டும் லாரியிலிருந்து சரிந்த கரும்பு மாதிரி ஓரமாகக் கிடந்தன. திரை மூலையில் மணி மட்டும்தான் தெரியும். அது சரியாக இருந்ததால் தேதியை யாரும் சந்தேகிக்கவில்லை.

போன் போட்டதும் ஏழுமலை கடையைப் பூட்டிக்கொண்டு பைக்கில் வந்தான். இணைய ஒயரை மாற்றினான், கம்ப்யூட்டரை அணைக்காமலே மூடியைக் கழற்றித் தூசி தட்டினான். நான் வைத்த தேதிதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் கிளம்பியிருந்தது. ஆனால் மச்சான் முன்னால் எப்படிச் சொல்வது? டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் டீ வாங்கப் போனேன்.

நாலு மணி தாண்டியது. பிரவுசிங் சென்டரில் வாசல் வரை வரிசை நிற்பதாகத் தோழி சொன்னாளாம். தேன்மொழி சான்றிதழ்களை மெதுவாக உறையில் போட்டாள்.

"பரவால்லப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் அழுதிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அந்தப் 'பரவால்ல'தான் என் வாயைத் திறக்க வைத்தது.

"மச்சான், அந்தத் தேதி..."

"காலையில வெச்சீங்க இல்ல மாமா?"

"வெச்சேன். நல்ல நாளா பாத்து வெச்சேன்."

ஏழுமலை தேதியைத் திறந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். திரையை எல்லோர் பக்கமும் திருப்பினான். முதலில் சிரித்தது என் மனைவிதான்.

"இன்னைக்குப் பொறந்த கொழந்தைக்கா இவ்ளோ நேரம் காலேஜ் சீட்டு கேட்டுக்கினு இருந்தோம்?"

தேதியை மாற்றினான். படமும் கட்டமும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது, கரிநாளிலேயே. சீட்டும் கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தேதி கேட்டால், "ஊரு தேதியா, அப்பா தேதியா?" என்றுதான் பதில் வரும். தேன்மொழி இப்போது கடைசி வருஷம். போன வாரம் ஒரு வரன் வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உங்க தேதிப்படி எனக்கு நாலு வயசுகூட ஆவலையேப்பா."

தேதி வைத்தவன் நான். டீ வாங்கக் கிளம்பினேன்.