வரிவிரட்டியாரின் தகர டப்பா

செருப்புக் கடை மாடியில் அன்றும் கூட்டம் தாங்கவில்லை. படிக்கட்டு முழுக்க மனிதர்கள். ஆளுக்கொரு பை, பை நிறைய பில்கள். மேலே வீற்றிருந்தவர் வரிவிரட்டியார். பேய் விரட்டும் தொழிலில் போட்டி அதிகமென்று இந்தப் பக்கம் வந்துவிட்டார் போலும். வரிக்கணக்கு கொடுக்க மறுநாளே கடைசித் தேதி. கேட்கவேண்டுமா வியாபாரத்தை?

முறை மிக எளிது. பில்லை உறையில் போட்டு ஒட்டித் தரவேண்டும். அவர் கண்ணை மூடி, உள்ளங்கையை அதன்மேல் வைப்பார். கை நடுங்கினால் உள்ளே வரி குடியிருக்கிறது. உடனே தகர டப்பாவில் எரியும் நெருப்பில் போட்டுவிடலாம். காணிக்கை தனி. அதற்கு மட்டும் பில் கிடையாது.

வரிசையில் ஒரு சலவைக் கடைக்காரர். புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தின் பில் அவர் கையில். பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தார், கடையில் பாதிப் பங்குள்ள அவருடைய அக்கா.

"டேய், மெஷின் பில்லைத் தூக்கிக்கிட்டு இங்கயா வந்தே?"

"கத்தாதேக்கா. இவ்வளவு செலவு பண்ணினது தெரிஞ்சா, 'ஏது பணம்?'னு கேப்பாங்களாம். எரிச்சிட்டா வரியே வராதாம்."

"மண்டு! தொழிலுக்கு வாங்கின மெஷின்டா அது. அந்தச் செலவை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா லாபத்துல கழிச்சுக்கலாம். பில் இல்லைன்னா எதைக் காட்டிக் கழிப்பே? முழு லாபத்துக்கும் வரி கட்டிட்டு, மெஷின் தவணைக்கு என்னடா பண்றது?"

"அவர் கை நடுங்குதேக்கா! நானே பார்த்தேன்!"

அக்கா ஒரு நொடி யோசித்தார். தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து உறையில் போட்டு ஒட்டினார். "சரி, முதல்ல இதைப் பார்க்கச் சொல்லு."

வரிவிரட்டியார் உறையைத் தொட்டார். கை நடுங்கியது. தோள் நடுங்கியது. உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் தொற்றிக்கொண்டது.

"ஐயையோ! இந்தச் சீட்டுக்காரன் வருமானத்தை ஒளிச்சு வச்சிருக்கான்! பெரிய நோட்டீஸ் வருது! எரிம்மா, உடனே எரி!"

"எரிச்சுடலாங்க. யாருக்கு வந்த ஆபத்துன்னு மட்டும் பார்த்துடறேன்."

உறையைக் கிழித்து அக்கா உரக்கப் படித்தார்: "மஞ்சள் அங்கி இரண்டு. சால்வை ஒன்று. எண்ணெய்க் கறை போகவேண்டும். பெயர், வரிவிரட்டியார். காலையில எங்க கடையில நீங்க போட்ட துணிக்கான சீட்டுங்க இது!"

சீட்டுக்காரன் வருமானத்தை ஒளித்திருக்கிறான் என்றாரே, வரிவிரட்டியார் ஆயுளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

படிக்கட்டே சிரித்தது. "அங்கியையும் டப்பாவுல போடுங்க சாமி, கறை போயிடும்!" என்றது ஒரு குரல். சற்றுமுன் தன் உறையை எரித்திருந்த ஒரு தையல் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, கருகிய தாள்களுக்குள் தன் கடை வாடகை ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி பில்லை நீட்டினார். "நீயே வச்சுக்கக்கா."

"வச்சுக்கிட்டு? நட, இன்னிக்கே கணக்கைக் கொடுத்துடுவோம்."

வரியைக் குறைக்கிற காகிதத்தை எரித்தால் வரி குறையும் என்று ஓர் ஊரே நம்ப, நடுங்குகிற ஒரு கை போதுமாக இருந்தது. அடுத்த முறை யாராவது எரிக்கச் சொன்னால், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதற்கு இதுவரை யாரும் வரி போடவில்லை.