நிறுத்து வாங்கிய அறிவு

அறிவைக் கையால் தூக்கி நிறை பார்த்து வாங்கலாம் என்று கண்டுபிடித்தவர் முள்ளியவளைச் செல்வராசாதான். பக்கத்து வீட்டு ஏரம்புவின் பெடியன் பொது அறிவுப் போட்டியில் கேடயம் வாங்கிய மறுநாளே பஸ் ஏறி ரவுணுக்குப் போனார். கடையில் புத்தகம் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார். பூசணிக்காய் வாங்குகிற அதே கவனம். பாரமான மூன்றைத் தெரிந்தெடுத்தார். எரிமலை ஒன்று, கடல் ஒன்று, வானம் ஒன்று.

"தேனுகா! ஒவ்வொரு நாளும் பின்னேரத் தேத்தண்ணியோடை இதிலை கேள்வி கேப்பன். சரியாச் சொன்னால் மைதானம். பிழைச்சால் வீடு."

பதினைந்து வயது மகளுக்கு முகம் கறுத்துவிட்டது. பாடசாலைக் கரப்பந்து அணிக்கு அவள்தான் தலைவி. மாவட்டப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

"பயிற்சிக்குப் போகாட்டில் பிள்ளையை அணியிலை இருந்து வெட்டிப்போடுவினம், இஞ்சருங்கோ," என்றாள் மனைவி விமலேஸ்வரி.

"வெட்டட்டும். பந்துக்குள்ளை காத்துத்தான் கிடக்கு. புத்தகத்துக்குள்ளை அறிவு கிடக்கு."

விமலேஸ்வரி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறுபேச்சுப் பேசாமல் மூன்று புத்தகத்தையும் குசினிக்குள் அடுப்புக்கு மேலுள்ள தட்டுக்குக் கொண்டுபோனாள். "கரையான் அரிக்காமல் நான் வைச்சிருக்கிறன்."

அடுத்த நாளிலிருந்து அதிசயம்தான். கேட்டதற்கெல்லாம் மகள் டக்கென்று பதில் சொன்னாள்.

"எரிமலை ஏன் வெடிக்குது?"

"உள்ளுக்கை ஆவி முட்டி, போக வழியில்லாமல் மேலை கிடக்கிறதைத் தள்ளுதப்பா. புட்டுப் பானை மூடியைத் தள்ளுற மாதிரி."

செல்வராசா கண்ணை மூடி ரசித்தார். புட்டுப் பானை அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று யோசிக்கவில்லை. மகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, ஏரம்புவுக்குக் கேட்கக்கூடியதாகச் செருமினார்.

பதினோராம் நாள் காலை, போட்டுக்கொள்ளச் சேட்டுத் தேடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். விமலேஸ்வரி மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் கடல் புத்தகம். வலப் பின்னலுக்கு ஒரு பாடம், இடப் பின்னலுக்கு ஒரு பாடம்.

"தலையை ஆட்டாதை. திமிங்கிலம் மீனில்லை. குட்டி போட்டுப் பால் குடுக்கும். சொல்லு பாப்பம்."

"பிடிச்சிட்டன்!" என்று துள்ளினார் செல்வராசா. "தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டுறியளோ? இனிப் புத்தகம் குசினிக்குப் போகாது. பிள்ளை எனக்கு முன்னாலை இருந்து வாசிக்கட்டும். பிறகு கேக்கிறன் கேள்வி!"

"நல்லாக் கேளுங்கோ," என்றாள் விமலேஸ்வரி, ரிப்பனை முடிந்தபடி. "ஆனால் போன வியாழக்கிழமை மன்னாரிலை ரண்டு எரிமலை இருக்கெண்டு சொன்னவள். நீங்கள் கெட்டிக்காரி எண்டு தலையைத் தடவினனியள்."

செல்வராசா மறுபடி சேட்டுத் தேடத் தொடங்கினார்.

"நான்தான் அப்பிடிப் பிழையாச் சொல்லச் சொன்னனான். நீங்கள் புத்தகத்தைத் திறந்து பாத்தனியளோ எண்டு அறியத்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உது ஏரம்பண்ணையின்ரை காதிலை விழுந்தால் எங்களுக்குத்தானே வெக்கக்கேடு? முதல் நீங்கள் மூண்டையும் வாசிச்சு முடியுங்கோ. பிறகு பிள்ளையிட்டைக் கேளுங்கோ."

நியாயமான பேச்சு. மானப் பிரச்சினையும்கூட. அன்று பின்னேரமே செல்வராசா கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, எரிமலையை விரித்தார். மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி வந்தது. புத்தகம் நெஞ்சில் சாய்ந்தது.

மைதானத்துக்குப் போக வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த தேனுகா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறுதலா வாசியுங்கோ அப்பா, அவசரமில்லை. போட்டிக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு."