மழைமணிக்கு ஏற்ற சாப்ட்வேர்

மலேசியாவின் கிள்ளானில் பக்கிரிசாமி வீட்டுப் பின்னறைக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் பக்கிரிசாமி. இன்னொருவன் டெங்கிலில் இருக்கும் மைத்துனன் லோகன். பெட்டாலிங் ஜெயாவில், சர்க்யூட் போர்டு செய்யும் பேக்டரியில் வேலை. அக்கா வீட்டில் தங்கினால் ரயிலேறிப் போய்விடலாம் என்று அவனுக்கு ஆசை.

பக்கிரிசாமிக்கோ அந்த அறை ஒர்க்‌ஷாப் ஆக வேண்டும். போர்ட் கிள்ளான் கிடங்கில் இரவெல்லாம் காவல் இருந்து, போனைப் பார்த்தே எலெக்ட்ரானிக்ஸ் கற்றவர். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பெயரைக் கேட்டாலே அவர் மூக்கு ஒரு பக்கமாகக் கோணும்.

மனைவி குமுதா தீர்ப்புச் சொன்னாள்.

"நீங்க பகல்ல தூங்கிர்றீங்க. நான் வேலைக்குப் போயிர்றேன். கொடியில துணி நனையுது. மழைத்துளி பட்டா மணியடிக்கிற மாதிரி ஒன்னு செய்ங்க. தீபாவளிக்குள்ள அடிச்சா ரூம் உங்களுக்கு. இல்லன்னா தம்பிக்கு."

"மழைமணியா? சின்னப் புள்ள வேலைலா அது!"

சின்னப் பிள்ளை என்றால் செய்து முடித்திருக்கும். வயர் செருகும் ஓட்டைப் பலகை ஒன்று வாங்கி நாலு வயரைப் பற்றவைத்தால் மணி அடித்திருக்கும். ஆனால் பக்கிரிசாமி அப்படிப்பட்ட ஆளா? முறையாக டிசைன் போட்டு, சர்க்யூட் போர்டை அச்சடித்து வாங்க வேண்டும். அதற்கு ஒரு சாப்ட்வேர் வேண்டும். அதுவும் அவருடைய தரத்துக்கு.

முதலில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினார். சர்க்யூட் படத்தைப் பாதி போட்டபோது குமுதா டீயோடு வந்தாள்.

"என்னங்க, இது ப்ரீயா?"

"ஆமா."

"ஓ... லோகன் பேக்டரியில இன்ஜினியருங்க காசு கட்டித்தான் வச்சிருக்காங்களாம். பரவால்ல, உங்களுக்கு இது போதும்லா."

*உங்களுக்கு இது போதும்.* அன்றைக்கே அதை அழித்தார்.

அடுத்தது, இன்ஜினியர்கள் வைத்திருக்கிற அதே சாமான். முதல் மாதம் மட்டும் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். விமானி போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, மாசம் முடிஞ்சா நீங்க போட்ட படத்த நீங்களே திறக்க முடியுமா?"

பக்கிரிசாமி தேடிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"நான் போட்ட படத்துக்கு அவன் பூட்டுப் போடுவானாமா? திருட்டுப் பய!"

அதுவும் போனது.

மூன்றாவதில் எதையும் இறக்கவே வேண்டாம். இன்டர்நெட்டிலேயே வரைந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போர்டு வீடு தேடி வரும். வரைந்தும் முடித்துவிட்டார். விரல் பொத்தானுக்கு மேலே.

"அப்ப உங்க படம் இப்ப அவன் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?" என்றாள் குமுதா. "மழைமணிய அவன் பேர்ல வித்துட்டான்னா?"

விரல் பின்வாங்கியது. மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"குமுதா, ஒனக்குள்ள இவ்வளவு மூளையா? இத்தன வருசம் நான் கவனிக்கலையே!"

குமுதா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊரில் இருப்பதெல்லாம் குப்பை என்று தெரிந்துவிட்டதால், சாப்ட்வேரையே தாமே எழுதுவது என்று பக்கிரிசாமி முடிவு செய்தார். தீபாவளி நெருங்குவதற்குள் கணிசமாக முன்னேறியும் இருந்தார். திறந்ததும் அவர் போட்டோ வந்தது. கீழே பெயர் மின்னியது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கொட்டோ கொட்டென்று மழை. கொடியில் புதுச்சட்டை நனைந்து தொங்கியது. அப்போது மணி அடித்தது.

பக்கிரிசாமி துள்ளி எழுந்தார். வாசல் மணி. பெட்டியும் மெத்தையுமாக, சொட்டச் சொட்ட லோகன் நின்றான்.

"வாடா, ரூம கூட்டி வச்சிருக்கேன்" என்றாள் குமுதா.

லோகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா காதோடு கேட்டான். "ஏன்க்கா, அத்தான்கிட்ட கேக்கச் சொல்லி நாலு கேள்வி சொல்லிக் குடுத்தேனே, நாலாவதுக்கு என்ன சொன்னாரு?"

"அது தேவப்படலடா. மூணுலயே முடிஞ்சிருச்சு."