செக்கிங் அண்ணன் திருப்பிய பந்து

எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பந்தைத் திருப்பி அடிக்கும் ஆட்டக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்கு ஜோடியாக வாய்த்தார்.

பனியன் கம்பெனியில் முப்பது வருடம் துணியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை கண்டுபிடித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் செக்கிங் அண்ணன். ரிட்டயர் ஆன பிறகு, அவிநாசி ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்து பேடல் கோர்ட் கட்டியதும் முதல் ஆளாக வந்து நின்றார். டென்னிஸ் மாதிரிதான்; சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஞாயிறு காலையில் எங்களுக்கு எதிரே, சாயப்பட்டறை நடத்தும் இரண்டு சகோதரர்கள். சர்வீஸ் போட்ட கையோடு வலையருகே வந்து நிற்பார்கள். செக்கிங் அண்ணன் பந்தை நேராக அவர்கள் மட்டைக்கே, தாம்பூலம் கொடுப்பதுபோல் பவ்யமாகக் கொடுப்பார். அவர்கள் அதை என் காலடியில் அறைவார்கள்.

“ஏனுங்ண்ணா, அவங்க இல்லாத பக்கமா அடிங்க!”

“அவங்கள எதுக்குங் கண்ணு ஓட வெக்கோணும்? மருவாதையா இருக்காதுங்க.”

ஒரு மாதம் தோற்றோம். கடைசியில் சகோதரர்களுக்கே சலித்துவிட்டது. “வேர்வையே வர்றதில்லீங்க. ஒரு வாரம் பாக்கறோம், இல்லீன்னா வேற ஜோடி தேடிக்கறோம்” என்றார் இளையவர். செக்கிங் அண்ணன் முகம் செத்துவிட்டது. சம்சாரம் தவறிவிட்டார், மகள் கனடாவில். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவதே அந்த ஒன்றரை மணி நேரம்தான். வேலம்பாளையத்தில் ஒற்றை அறையில் கிடக்கும் என் கதையும் அதுவே என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

“பந்தைக் கண்டதும் பாயாதீங்ண்ணா. பின்னாடி கண்ணாடியில பட்டு வரட்டும். அப்பறம் அவங்க தலைக்கு மேல தூக்கி உடுங்க” என்றேன். வாரம் முழுக்கத் தனியாக வந்து பழகினார். கண்ணாடியில் பட்டு வரும் பந்தை, டேமேஜ் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டுத் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு சகோதரர்கள் பின்னால் ஓடினார்கள், முன்னால் ஓடினார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் “மன்னிச்சுக்கோங்க தம்பி!” என்று இங்கிருந்து குரல் போனது. அவர்கள் பனியன் நனைந்துவிட்டது. நாங்கள் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. வந்ததோ சொத்தை சர்வீஸ். எதிரே பாதி கோர்ட் காலி. இவர் மறுபடியும் வானத்துக்குத் தூக்கினார். அதை அவர்கள் அறைந்ததில் புள்ளி போயிற்று.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரே அடியில முடிஞ்சிருக்குமேங்ண்ணா!”

“அதனாலதானுங் கண்ணு தூக்குனேன்” என்றார் மெதுவாக. “முடிஞ்சா எல்லாரும் ஊட்டுக்குப் போயிருவீங்க. ஞாயித்துக்கெழம ரொம்ப நீளமுங்க.”

அடுத்த சர்வீஸ் என் பக்கம் வந்தது. ஓரம் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்போல் இருந்தது. பந்தை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கிவிட்டேன்.