அரைப்பேர் வாங்கிய இந்திராணி

தமிழ் எழுத்துரு செய்த ஐயா, அன்றைக்கு என் மானத்தை வாங்கியது நீங்கள்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், கொட்டகலை பஸாரில் ஒரு கடைமாடியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். (எனக்கே அரைகுறை. குரல் மட்டும் பெரிது.) “தகவலைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வையுங்கள். பெயர், வயது, ஊர் என்று நடுவில் கமா போடுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும், யாரும் திருத்தலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்” என்று தினமும் கத்துவேன்.

பிள்ளைகள் செய்ததைப் பார்க்கப் பெற்றோரை அழைத்தோம். அக்கரப்பத்தனையிலிருந்து என் மாணவி இந்திராணியின் அப்பாவும் வந்தார். மகளை வகுப்பில் விடுவதா, கொழும்பில் கார்மென்ட் வேலைக்கு அனுப்புவதா என்று அன்று பார்த்துத்தான் முடிவுசெய்வாராம். அவளோ போகமாட்டேன் என்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. இந்திராணியின் வரிசையில் பெயர் காலி. வயது: ‘ந்திராணி’. ஊர்: 17.

“அரைப்பேருக்கு வேல செஞ்சுட்டு ஓடியாந்தேங்க” என்றார் அப்பா. (பாதி நாள் வேலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்.) “இங்க எம் புள்ளைக்கும் அரைப்பேருதானா?”

சனம் சிரித்தது. இந்திராணி தலைகுனிந்தாள்.

காரணம் எனக்குப் பிடிபட்டது. உங்கள் எழுத்துரு ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வேஷம் போட்டிருந்தது. நமக்கு ‘இ’ என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு வெறும் கமா. அங்கே வெட்டிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிரிக்கும் இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி (;) வைத்தேன்.

மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அதே எழுத்துருவில் அரைப்புள்ளி என்பது மறந்துபோச்சு. இப்போது எல்லார் பெயரும் உடைந்தது. முழுசாகத் தப்பியவன் ரவி ஒருவன்தான். அவன் அம்மா மட்டும் கைதட்டினார்.

“சார், கொஞ்சம் தள்ளுங்க” என்றாள் இந்திராணி. “புள்ளியே வேணாம். கீபோர்டுல எழுத்தா வராத கட்டையாப் பாத்துப் போடுவோம்.”

“அப்படி எது இருக்கு?”

“டேப் கட்டை இருக்குல்ல. கோப்ப யாரு வேணும்னாலும் தெறந்து திருத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க.”

பிரிக்கும் இடத்தில் எல்லாம் டேப் வைத்துத் திருத்தினாள். முழுப்பெயர் வந்தது. அப்பா திரைக்குக் கிட்டே போய் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“கார்மென்டுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிர்றேன்” என்றார். பிறகு என்னைக் காட்டி, மகளிடம் மெதுவாக, “சாரக் கொஞ்சம் பாத்துக்க புள்ள.”

இந்திராணி இப்போது லிந்துலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடமே என் கதைதானாம். என் வீட்டில் சாவி தொலைந்தாலும் மனைவி, “கமாவுக்குப் பின்னால பாருங்க” என்கிறாள்.

அது போகட்டும். அன்றைக்குப் படியிறங்கும்போது இந்திராணியின் அப்பா ஒன்று கேட்டார்: “எழுத்துச் செஞ்சவரு நம்ம புள்ளைங்க பேரெல்லாம் எழுதிப் பாக்கலையாங்க?”

அதை உங்களிடமே கேட்கிறேன். ஐயா, பார்த்தீர்களா, இல்லையா? இதே பத்திரிகையில், உங்கள் முழுப்பெயர் போட்டு, எல்லாரும் வாசிக்கப் பதில் சொல்லுங்கள்.